தட்டு வாங்கும் ஜன்னல்

பன்னிரண்டே காலுக்கு முதல் தட்டு வருகிறது. தேவமணி நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நீள்வது யாருடைய கை என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். தட்டை வாங்குகிறார், இடது பக்கம் லேசாகச் சாய்க்கிறார், ஒரே ஒரு பார்வை. மிச்சத்தை வழித்து நீல நிறப் பீப்பாய்க்குள் தள்ளிவிட்டுத் தட்டைத் தொட்டித் தண்ணீருக்குள் சரியவிடுகிறார். அதற்குள் அடுத்தது.

“இதுக்குப் பல்லுவலி. முருங்கைக்காய அப்படியே வச்சிருக்கு.”

“இவ புதுசு. நம்ம காரம் தாங்கல.”

“இது ரெண்டு பேரு தின்ன தட்டு. இவ அப்பளத்த அவ தின்னுருக்கா, அவ அவியல இவ தின்னுருக்கா. பேச்சு சேந்துட்டு போல.”

இதெல்லாம் யாரிடமும் சொல்வதல்ல. தனக்குள் முணுமுணுப்பதுதான். முணுமுணுப்புக்கு நடுவே ஏதாவது ஒரு ஞானப்பாட்டின் சரணமும் ஓடும். வலது கையில் மட்டும் ரப்பர் உறை. இடது கை வெறுங்கை. இரண்டுக்கும் உறை போடச் சொல்லிப் பார்த்தார்கள். “ரெண்டு கையிலயும் போட்டா சோறு சூடா இருந்துச்சா ஆறிப்போச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை.

நெல்லையிலிருந்து தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலையில், வல்லநாட்டு மலை கண்ணில் படும் தூரத்தில் இருக்கிறது அந்தக் கம்பெனி. கார்களுக்குள் ஓடும் மின்கம்பிகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அனுப்புகிறார்கள். பகல் ஷிஃப்டில் மட்டும் ஆயிரத்து நூறு பேர். முக்கால்வாசி இளம்பெண்கள். ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு பேருந்து, சேரன்மகாதேவியிலிருந்து ஒன்று, பாபநாசம் அடிவாரத்திலிருந்து விடிவதற்குள் புறப்படும் ஒன்று எனப் பதினெட்டுப் பேருந்துகள் அவர்களைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அத்தனை பேரும் சாப்பிட்ட தட்டு தேவமணியின் கை வழியாகத்தான் போக வேண்டும். கம்பெனியின் ஊழியர் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. கேன்டீன் குத்தகைதாரர் பீர் மைதீனின் ஆள் அவர். பாத்திரம் கழுவும் ஒன்பது பெண்களுக்கு மேஸ்திரி. ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி. நல்ல உயரம். வண்டி மாட்டுக்குச் சமமான தோள்கள். கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தட்டைப் பார்க்க அது தேவைப்படுவதில்லை. சம்பளச் சீட்டைப் பார்க்கத்தான் வேண்டும்.

வீடு பாளையங்கோட்டை சமாதானபுரத்தில். வீட்டில் அவர் சமைப்பதில்லை. பள்ளிக்கூடக் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்ற கணவர் நேசையாதான் சமையல். “ஊரு சாப்பிட்டதப் பாத்துப் பாத்து அவளுக்கு அடுப்படின்னாலே அலுப்பு. எனக்கும் பொழுது போகணும்லா” என்பார் அவர். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் தேவமணி வாயால் சொல்ல மாட்டார். தட்டின் ஓரத்தில் ஒரு பிடிச் சோற்றை ஒதுக்கிவைப்பார். நேசையாவுக்குப் புரிந்துவிடும்.

தேவாலயச் சபையில் அசனம் என்ற பொதுவிருந்து நடக்கும் நாளில் பரிமாறுவதற்குப் போட்டி இருக்கும். கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். தேவமணி அந்தப் பக்கமே போவதில்லை. இருபத்திரண்டு வருடமாக எச்சில் இலை எடுக்கிற இடத்தில்தான் நிற்கிறார். “பரிமாற ஆயிரம் பேரு வருவாவ. சமையல் எப்படியிருந்துச்சுன்னு இலை எடுக்கவனக் கேளுங்க, அவந்தான் உள்ளதச் சொல்லுவான்” என்பது அவர் கட்சி. கம்பெனிக்கும் அவர் அந்தக் கட்சியோடுதான் வந்து சேர்ந்தார். அது ஒரு நாள் அவ்வளவு பெரிய இடத்தில் எடுபடும் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

போன வருடம் கம்பெனியில் ‘கழிவில்லா ஆலை’ என்று ஒரு திட்டம் வந்தது. தலைமையகத்தின் உத்தரவு. அதற்கென்றே பசுமைப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, அம்பாசமுத்திரத்துக்காரரான மகாராஜன் என்ற இளைஞரைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். மகாராஜன் சோம்பேறி அல்ல. செம்புக்கம்பித் துணுக்கை உருக்க அனுப்பினார். அட்டைப்பெட்டிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வைத்தார். குளியலறைத் தண்ணீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விட்டார். எல்லாம் சொன்னபடி கேட்டது. கேன்டீன் மட்டும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நூற்றுத் தொண்ணூறு கிலோ சாப்பாடு பீப்பாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் சுவரெல்லாம் வாசகங்கள் ஒட்டினார்கள். உழவனின் வியர்வை, பசித்த குழந்தையின் கண்கள் என்றெல்லாம் எழுதியிருந்தது. ஒரு கிலோகூடக் குறையவில்லை. அடுத்து மகாராஜன் ஒரு யோசனை செய்தார். தட்டு வாங்கும் ஜன்னலில் ஒரு சின்னத் தராசு. பக்கத்தில் கையில் டேப்லெட்டுடன் ஒரு பயிற்சிப் பொறியாளர். தட்டில் நூறு கிராமுக்கு மேல் மிச்சம் வைத்தால் அந்த ஆளின் பெயரும் அடையாள எண்ணும் கேன்டீன் டிவியில் மாலைவரை ஓடும்.

முதல் நாள் டிவியில் இருநூற்றுப் பதினான்கு பெயர்கள் ஓடின. இரண்டாம் நாள் எண்பது. வாரக் கடைசியில் ஒன்பது. நூற்றுத் தொண்ணூறு கிலோ எண்பத்தைந்துக்கு இறங்கியது. மகாராஜன் தலைமையகத்துக்குப் படம் போட்டுக் காட்டினார். கைதட்டல் கிடைத்தது. பீர் மைதீனுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. குத்தகையைப் புதுப்பிக்கும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்ததால் அவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

தேவமணிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. தட்டுகள் சுத்தமாக வந்தன. சுத்தம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. குழம்பு விரவிப் பிசைந்து சாப்பிட்ட தட்டு வேறு மாதிரி இருக்கும். அதில் நடுவிலிருந்து விளிம்புவரை விரல் வழித்த தடம் தெரியும். இந்தத் தட்டுகளில் உள்ளங்கை அளவுக்கு நடுவில் மட்டும் ஈரம். விளிம்பெல்லாம் கழுவி வைத்த மேனிக்கே காய்ந்திருந்தது.

வேலை முடிந்ததும் சமையற்கட்டுக்குள் போய் எட்டிப் பார்த்தார். மூன்று அண்டாச் சோறு கரண்டி படாமல் இருந்தது. பீர் மைதீனின் ஆட்கள் அதை மாட்டுப்பண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“மொதலாளி, இது எந்தக் கணக்குல வருது?”

“இது மிஞ்சுன சோறும்மா. தட்டுல மிஞ்சுனாத்தான் கழிவு. அண்டாவுல மிஞ்சுனா அவங்க கேக்க மாட்டாங்க.”

“அப்ப கழிவு எங்கன கொறஞ்சுது? முன்வாசல்ல போனது பின்வாசல்ல போவுது. அவ்வளவுதான?”

பீர் மைதீன் மேலப்பாளையத்துக்காரர். இன்றும் வைத்திருக்கும் வாடகைப் பாத்திரக் கடையில் தொடங்கி, கல்யாணச் சமையல் செய்து, இந்தக் குத்தகைவரை படிப்படியாக வந்தவர். கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். “நாம சோறு போடுத ஆளு, தேவமணி. கணக்குப் பாக்க அங்க படிச்சவங்க இருக்காங்க. குத்தகை முடியுத நேரத்துல எதையாவது கிண்டி விட்றாத” என்று கேட்டுக்கொண்டார்.

தேவமணியும் கிண்ட நினைக்கவில்லை. ஆனால் மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்த கொஞ்ச நேரத்தில், நான்காம் லைனைச் சேர்ந்த இசக்கிச்செல்வி என்ற பெண் கேன்டீன் வாசலில் சுருண்டு விழுந்தாள். இருபது வயது. ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சிற்றூர். தேவமணிதான் ஜன்னலை விட்டு ஓடி அவளைத் தூக்கினார். தூக்கிய கைக்கு எடையே தெரியவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து, வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, அதை டம்ளரில் ஆற்றிக் கொடுத்தார்.

“ஏட்டி, காலைல என்ன சாப்பிட்ட?”

“பஸ்சு அஞ்சே முக்காலுக்குல்லாக்கா. ஒண்ணும் சாப்பிடல.”

“நேத்து மத்தியானம்?”

“ஒரு கரண்டி.”

“ஒரு கரண்டி எந்த மூலைக்குக் காணும்? சோறு பிடிக்கலையா?”

“சோறெல்லாம் நல்லாத்தாங்கா இருக்கு. திங்கத்தான் நேரம் இல்ல. நெறைய வாங்குனா மிச்சம் வந்துரும். மிச்சம் வந்தா டிவில பேரு வந்துரும். எங்க மாமா மவன் எட்டாம் லைன்லதான் நிக்கான். போய் வீட்டுல சொன்னாம்னா, சோத்தக் கொட்டுத கழுதைக்கு வேல எதுக்குன்னு அப்பா நிப்பாட்டிருவாவ.” சொல்லிவிட்டு அவள் அழவில்லை. கஞ்சியில் மிதந்த இரண்டு பருக்கைகளை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அதைப் பார்த்த பிறகு தேவமணிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அவர் உட்காரும் இடத்திலிருந்து சுவர்க் கடிகாரம் தெரியாது. செல்போனைக் காவல் அறையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் பாட்டை வைத்து நேரம் பார்த்தார். அவருக்குப் பழக்கமான ஒரு பாட்டு, ஐந்து சரணம், நிதானமாகப் பாடினால் நான்கு நிமிடம். வரிசையின் கடைசியில் ஒரு பெண் வந்து நின்றதும் பாட்டைத் தொடங்கினார். அவள் தட்டில் சோறு விழும்போது மூன்றாவது முறை பாடி முடித்திருந்தார். பன்னிரண்டு நிமிடம். சாப்பாட்டுக்கு விடுவது முப்பது நிமிடம். அதில், பெண்களைக் கேட்டதில் தெரிந்தபடி, செம்புக் கம்பி வெளியே போய்விடக் கூடாது என்று லைன் வாசலில் நடத்தும் சோதனைக்கு ஆறு. நடைக்கு இரண்டு. கை கழுவித் திரும்பிப் போய்க் கையுறை மாட்டி நிற்பதற்கு ஐந்து. மிஞ்சியது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் ஆவி பறக்கிற சோற்றை விழுங்க முடியாதவர்கள்தான் இத்தனை நாளும் பாதியைக் கொட்டினார்கள். இன்னொரு தடவை வரிசையில் நிற்க முடியாது என்பதால்தான் முதலிலேயே குவித்தும் வாங்கினார்கள். இப்போது டிவி வந்ததும் பட்டினி கிடக்கிறார்கள்.

மாலை பேருந்துக்குப் போகும் வழியில் மகாராஜனை வழிமறித்தார். அதுவரை அவரிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

“சார், கோவிச்சுக்கிடாதிய. அந்தக் கழிவு கொறையல. பிள்ளைக வயிறுதான் கொறஞ்சிருக்கு.”

மகாராஜன் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். தேவமணி முழுதும் கேட்டுவிட்டு, “எனக்கு இங்கிலீசுக் கணக்குத் தெரியாது சார். ஒரே ஒரு உதவி செய்யுங்க. நாளைக்குக் காலைல எட்டரைக்கு நாலாம் லைன்ல போய் நில்லுங்க. அந்தப் பிள்ளைக செய்யுத வேலையச் செய்யுங்க. மணி அடிச்சதும் அதுவ கூடவே வந்து சாப்பிடுங்க. ஆபீசர் வழியில வரப்பிடாது. பெறவு நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன்” என்றார்.

வேறொருவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். மகாராஜன் மறுநாள் போய் நின்றார். மூன்றரை மணி நேரம் கம்பிக்கொத்துக்கு நாடா சுற்றினார். மணி அடித்ததும் சோதனை வாசலில் இரு கையையும் தூக்கி நின்றார். வரிசையில் பின்னால் நின்றார். பசியில் மூன்று கரண்டி வாங்கினார். மேசையில் உட்கார்ந்து முதல் வாயை வைத்தபோது சூட்டில் நாக்கு பொத்துப்போனது. ஊதி ஊதி ஏழெட்டு வாய் தின்றிருப்பார். எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. பக்கத்துப் பெண்கள் எழுந்து ஓடினார்கள். அவரும் ஓடிவந்து ஜன்னலில் தட்டை நீட்டினார்.

தேவமணி அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். தட்டை வாங்கித் தராசில் வைத்தார்.

“முந்நூத்திப் பத்து கிராமு. சார், நம்பரச் சொல்லுங்க. டிவில போடணும்லா.”

டேப்லெட்டுடன் நின்ற பயிற்சிப் பொறியாளர் எதையும் பதியாமல் மகாராஜனைப் பார்த்தார். மகாராஜன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தார். “போடுங்க” என்றார். அன்று மாலைவரை கேன்டீன் டிவியில் பசுமைப் பிரிவுப் பொறுப்பாளரின் பெயர் ஓடியது. அவர் அதை நிறுத்தச் சொல்லவில்லை. தேவமணி அந்த மனிதரை மதிக்க ஆரம்பித்தது அந்த மாலையில்தான்.

ஆனால் சாப்பாட்டு நேரத்தைக் கூட்டும் அதிகாரம் மகாராஜனிடம் இல்லை. அது உற்பத்திப் பிரிவுத் தலைவர் ஜாபேஸிடம் இருந்தது. நாசரேத்துக்காரர். ஐம்பதை நெருங்குகிறவர். வேகநடைக்காரர். எதையும் நின்றபடியே பேசி முடிப்பவர். மறுநாள் காலை அவர் அறையில் மகாராஜன் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கேட்டார். கதவோரம் தேவமணி நின்றிருந்தார்.

“பதினஞ்சு நிமிசம்னா எத்தன கார் நிக்கும்னு தெரியுமா உங்களுக்கு? லைன் ஒரு நிமிசம் நின்னாலும் மேல பதில் சொல்லுதவன் நான். முடியாது” என்றார் ஜாபேஸ்.

“நேரம் கூட்ட வேண்டாம் சார்” என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. “வரிசைய எடுத்துருங்க. அதுல பன்னெண்டு நிமிசம் கெடக்கு.”

“ரெண்டு பந்தியா விட்டாலும், வரிசை இல்லாம ஒரே நேரத்துல ஐநூத்தம்பது பேருக்கு எப்படிம்மா சோறு போடுவ?”

“அசனத்துல ஆயிரத்தைந்நூறு பேருக்குப் போடுதோம் சார். அங்கன யாரும் தட்டத் தூக்கிட்டு வரிசையில நிக்காவளா? இலையப் போட்டு, ஆள உக்கார வச்சு, சோறுல்லா ஆளத் தேடி வருது.”

கிறிஸ்தவ ஊரான நாசரேத்துக்காரருக்கு அசனத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஜாபேஸ் மேசையிலிருந்த தாள்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். “மூணு நாளு தாரேன். அந்த மூணு நாள்ல ஒரு லைன் பிந்தி ஆரம்பிச்சாலும் பழையபடிதான். பீர் மைதீன் கிட்டயும் சொல்லிரு, குத்தகைப் பேப்பர் என் மேசையிலதான் இருக்குன்னு.”

முதல் நாள் கைவிட்டது. மணி அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போதே ஐம்பத்தைந்து மேசையிலும் தட்டு வைத்து, சோறு வைத்து, பொரியல் வைத்துவிட்டார்கள். மேலே அத்தனை மின்விசிறிகள். பெண்கள் வந்து உட்கார்ந்தபோது சோறு விறைத்துப்போயிருந்தது. குழம்பு ஊற்றினால் பிசைய வரவில்லை. இருநூற்று நாற்பது கிலோ. கம்பெனியின் சரித்திரத்தில் அவ்வளவு கொட்டியதில்லை. ஜாபேஸ் ஜன்னலுக்கு வந்து பலகையில் எழுதியிருந்த எடையைப் பார்த்தார். தேவமணியைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தேவமணிக்கு.

அன்று வீடு திரும்பும் பேருந்தில் அவர் பாடவில்லை. வாயைத் திறந்து மாட்டிக்கொண்டோமே, தன்னால் பீர் மைதீனின் குத்தகையும் போய், பாத்திரம் கழுவுகிற ஒன்பது பேர் பிழைப்பும் போகுமே என்ற நினைப்பே வழியெல்லாம் ஓடியது. வீட்டில் நேசையா சாப்பாட்டை எடுத்து வைத்தார். கதையைக் கேட்டார். “ஆறுன சோத்த யாரு திம்பா? மூடி வைக்காண்டாமா?” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ரசம் வாளியின் மூடியைத் திறந்தார். ஆவி வந்தது.

தேவமணி கை கழுவாமலேயே போனை எடுத்தார்.

“மொதலாளி, ஒங்க கடையில மூடி போட்ட தூக்குவாளி எத்தன இருக்கும்?”

“எதுக்கும்மா? அதெல்லாம் கல்யாணத்துக்குப் போற சாமான். ஒரு எரநூறு இருக்கும்.”

“நாளைக்கு யாருக்குக் கல்யாணம்?”

“நாளைக்கு... யாருக்கும் இல்ல.”

“பெறவென்ன? எங்க பிள்ளைகளுக்குன்னு வச்சுக்கிடுங்க.”

“நீ என்னையத் தெருவுல நிறுத்தாம விடமாட்ட” என்றார் பீர் மைதீன். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வாசலில் அவருடைய சிறிய சரக்கு வண்டி வந்து நின்றது. பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் தூக்குவாளிகள். சாப்பாட்டு நேரம்வரை அங்கேயே நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு கைக்கும் இரண்டு வாளியாக அவரும் தூக்கினார்.

ஒரு மேசைக்குப் பத்துப் பேர். மேசைக்கு ஒரு வாளிச் சோறு, ஒரு வாளி குழம்பு, கறி ஒன்று. மணி அடித்த பிறகுதான் வாளிகளைச் சமையற்கட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று தேவமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்கள் சோதனை வாசலைத் தாண்டி வருகிற எட்டு நிமிடம் அதற்குப் போதும். பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், மூடியைத் திறந்தார்கள். ஒருத்தி பரிமாற ஒன்பது பேர் கை நீட்டினார்கள். கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, வேண்டுமானால் மறுபடி போட்டுக்கொண்டார்கள். வாளி காலியான மேசைக்குப் பக்கத்து மேசையிலிருந்து வாளி போனது. கேன்டீனில் அன்றைக்குத்தான் பேச்சுச் சத்தமே கேட்டது என்கிறார்கள்.

நூற்றுப் பத்து கிலோ. இந்தத் தடவை அண்டாவில் மிஞ்சியதையும் தேவமணி தராசில் ஏற்றச் சொல்லியிருந்தார். அதையும் சேர்த்துத்தான் நூற்றுப் பத்து. லைன்கள் இரண்டு நிமிடம் முன்னாலேயே ஆரம்பித்தன. மூன்றாம் நாள் தொண்ணூறு. மூன்றாம் நாள் சாயங்காலம் ஜாபேஸின் மேசையிலிருந்த குத்தகைத் தாள் கையெழுத்தாகி பீர் மைதீனிடம் வந்தது.

இப்போது ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டு, ஐம்பது கிலோதான் கழிவு. அதில் பாதிக்கு மேல் முருங்கைச் சக்கையும் எலும்பும் வாழைப்பழத் தோலும். கறிவேப்பிலையைத் தேவமணி கணக்கில் சேர்ப்பதே இல்லை. “அது மனுசன் கொட்டுததுக்குன்னே ஆண்டவர் படைச்சது” என்கிறார். சமைக்கும் அரிசி முன்பைவிட இருபது கிலோ கூடியிருக்கிறது என்பதை மகாராஜன் தன் அறிக்கையில் மறைக்காமல் எழுதினார். தலைமையகத்திலிருந்து கேள்வி வந்தது. ஆட்கள் இப்போதுதான் சாப்பிடுகிறார்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதினார். டிவியில் பெயர்கள் ஓடுவது நின்றுவிட்டது. பேருந்து கிளம்பும் நேரமும் மறுநாள் குழம்பும் ஓடுகின்றன. இசக்கிச்செல்விக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. மறுசோறு போட்டுக்கொள்ளும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பித் தட்டைக் காட்டுவாள். “தெரியுது, தெரியுது. பைய தின்னு” என்பார் தேவமணி.

கம்பெனிக்கு ஒரு கேடயம் கிடைத்தது. மகாராஜன் அதை எடுத்துக்கொண்டு நேராக ஜன்னலுக்கு வந்து, தேவமணியின் கையில் கொடுத்துப் படம் எடுக்க வேண்டும் என்றார். கை ஈரமாக இருப்பதாகச் சொல்லி அவர் வாங்க மறுத்துவிட்டார். கடைசியில் பாத்திரம் கழுவும் ஒன்பது பெண்களும் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, தேவமணி ஓரத்தில் முழங்கை மட்டும் தெரியும்படி படத்தில் இருக்கிறார். மூன்று மாநிலங்களிலிருந்து வேறு ஆலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். “எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டவர்களுக்கு, “தட்டத்தான் பாத்தேன்” என்று சொன்னார். அவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஜாபேஸ் மட்டும் அதைப் பற்றி இன்றுவரை ஒன்றும் பேசியதில்லை. அவர் சாப்பிடுவதே தனி நேரம். எல்லோரும் போன பிறகு வருவார். பாதிச் சாப்பாட்டில் போன் வரும். போனைக் காதில் வைத்தபடியே எழுந்து போய்விடுவார்.

சென்ற வாரம் ஏற்றுமதிச் சரக்கு போகும் நாள். அவர் வந்தபோது மணி இரண்டரை ஆகியிருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. மேசைகளைத் துடைத்தாகிவிட்டது. தேவமணி அவருக்கென்று மூடி வைத்திருந்த சோற்றையும் தேங்காய்ப்பால் சொதியையும் எடுத்து வைத்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினார். ஜாபேஸ் நாலு வாய் வைத்திருப்பார். போன் அடித்தது. “ஆமா சார்... கன்டெய்னர் வந்துட்டு சார்...” என்று பேசிக்கொண்டே எழுந்தார். முக்கால்வாசிச் சோற்றோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலில் நீட்டினார்.

தேவமணி வாங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஜாபேஸ் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார். ஜன்னலின் இந்தப் பக்கத்திலிருந்து கை எதுவும் வரவில்லை. ஒரு கையில் போன், ஒரு கையில் தட்டு. அப்படியே நின்றார். தேவமணி மோவாயால் பெஞ்சைக் காட்டினார்.

“பத்து நிமிசத்துல கூப்பிடுதேன் சார்” என்றார் ஜாபேஸ் போனில். திரும்பிப் போய் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

ஒருவர் சாப்பிடுவதை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தேவமணி தன் முக்காலியைச் சத்தம் வராமல் தூக்கி, சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.